இளமஞ்சள் வெட்ஜ்வுட் அடுப்பு: வாங்கலாமா, நம்ம சமையலுக்குத் தாங்குமா?

நீங்க கேட்டதை முதல்ல நானே சுருக்கிச் சொல்லிடறேன். சான் ஹோசே பக்கம் பழைய வீடு ஒண்ணு வாங்கியிருக்கீங்க, பக்கத்துத் தெருவுல ஒரு வயசான அம்மா தவறிப்போய் அவங்க வீட்டுச் சாமானையெல்லாம் பிள்ளைங்க விக்கறாங்க, அதுல 1950-கள் காலத்து வெட்ஜ்வுட் காஸ் அடுப்பு, இளமஞ்சள் கலர், நாலு பர்னர், நடுவுல தட்டு, 450 டாலர் சொல்றாங்க. உங்களுக்குப் பார்த்ததுமே பிடிச்சுப் போச்சு, வீட்டுக்காரர் "காஸ் வெடிச்சா யார் பொறுப்பு"ன்னு கேக்கறார், மாமியார் ஃபோன்ல "தோசை வருமா அதுல"ன்னு கேட்டிருக்காங்க. மூணுமே நியாயமான கேள்விதான். அக்கான்னு உரிமையா கேட்டதால நானும் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், டீ போட்டுக்கிட்டு உக்காருங்க.

என் கதை ரெண்டே வரி. இந்த ஊர்ல பதினஞ்சு வருஷத்துக்கு மேல பழைய அடுப்புலதான் சமைக்கறேன். சமையலறைல ஒரு வெட்ஜ்வுட், கராஜ்ல ஒரு சேம்பர்ஸ், அது போக பாதி கழட்டின நிலைமைல ஒண்ணு ஷெட்ல தார்பாய் போட்டு மூடி வச்சிருக்கேன், அதைப் பத்தி எங்க வீட்டுல பேசக்கூடாதுன்னு ஒரு ஒப்பந்தம்.

வெட்ஜ்வுட்னா இங்கிலாந்து பீங்கான் கம்பெனின்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க. அது வேற, அதோட ஸ்பெல்லிங்ல நடுவுல அந்த 'இ' எழுத்து கிடையாது. இந்த அடுப்பு நம்ம ஃப்ரீமான்ட்டுக்கு நடுவுல தீவு மாதிரி இருக்கே நியூவர்க், அந்த ஊர்ல செஞ்சது. ஜேம்ஸ் கிரஹாம் மேனுஃபேக்சரிங்னு கம்பெனி பேரு, 1880-கள்லேயே அங்க இரும்பு வார்ப்புப் பட்டறை போட்டவங்க. இன்னைக்கு பாதித் தெரு தமிழும் தெலுங்குமா இருக்கற அந்த ஊர்ல ஒரு காலத்துல அடுப்பு வார்த்து கலிஃபோர்னியா முழுக்க அனுப்பியிருக்காங்க, அதனாலதான் இந்தப் பக்கம் பழைய வீட்டைத் திறந்தா வெட்ஜ்வுட் கிடைக்கும், லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் போனா ஓ'கீஃப் அண்ட் மெரிட் கிடைக்கும், ஏன்னா அவங்க அந்த ஊர்க்காரங்க. நானூறு பவுண்டு பொருளை யாரு ரொம்ப தூரம் தூக்கிட்டுப் போவா, பிறந்த ஊருக்குப் பக்கத்துலயே கிடக்குதுங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். "கலரைப் பார்த்து மயங்காத, உள்ள மெக்கானிசத்தைப் பாரு"ன்னு எல்லாரும் அட்வைஸ் பண்ணுவாங்க. நான் நேர் எதிராச் சொல்றேன். கலரை முதல்ல பாருங்க, அதுவும் பூதக்கண்ணாடி வச்சு பாருங்க. ஏன்னா அந்த அடுப்புல நம்மளால சரி பண்ண முடியாத ஒரே விஷயம் அதுதான். வால்வு இறுகிப் போச்சா, கழட்டி கிரீஸ் போடலாம். தெர்மோஸ்டாட் பொய் சொல்லுதா, அனுப்பி ரிப்பேர் பண்ணி வாங்கலாம். பைலட் (அடுப்பைப் பத்த வைக்க எப்பவும் எரியற சின்ன ஜுவாலை) எரியலையா, ஊசி போட்டு அடைப்பெடுக்கலாம். எனாமல் பேந்து போச்சுன்னா அவ்வளவுதான், திரும்பப் பூசறதுக்குன்னு இருக்கற கடைகளை விரல் விட்டு எண்ணிடலாம், அவங்க கேக்கற காசுக்கு இன்னொரு அடுப்பே வாங்கிடலாம், அப்படியே பூசினாலும் எழுபது வருஷத்துக்கு முன்னாடி எவரோ கலந்த அந்த மஞ்சள் அச்சு அசலா வராது, கதவு ஒரு மஞ்சள், மேல்தட்டு ஒரு மஞ்சள்னு நிக்கும்.

அது ஏன்னு புரிய அந்தப் பூச்சு என்னன்னு தெரியணும். அது பெயின்ட் இல்ல, கண்ணாடி. கண்ணாடியைப் பொடி பண்ணி குழம்பாக்கி இரும்புத் தகட்டு மேல தெளிச்சு காயவச்சு கிட்டத்தட்ட 800 டிகிரி செல்சியஸ் சூளைக்குள்ள விட்டு எடுப்பாங்க, கண்ணாடி உருகி இரும்போட ஒட்டிக்கும். முதல்ல ஒரு கறுத்த நீலப் பூச்சு, அதுல கோபால்ட் இருக்கும், அதுதான் இரும்பைப் பிடிச்சுக்கற பசை மாதிரி. அதுக்கு மேலதான் கலர் பூச்சு. நம்ம ஊர்ல பாட்டி காலத்து எனாமல் தட்டு, டீ கப் எல்லாம் ஓரத்துல சில்லு பேந்தா கறுப்பாத் தெரியும் பாருங்க, அதே சங்கதிதான். ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் டைட்டானியம் சேர்த்த எனாமல் வந்ததும் மெல்லிசாப் பூசினாலே அடி கறுப்பு மறைஞ்சு பளிச்சுனு வெள்ளை வந்துடுச்சு, அந்த வெள்ளைல துளி துளியா நிறம் சேர்த்தாதான் இந்த ரோஸ், இளநீலம், இளமஞ்சள், புதினாப் பச்சை எல்லாம்.

ஆக, நீங்க போய்ப் பார்க்கறப்ப பேந்த இடத்தை உத்துப் பாருங்க. அசல் எனாமல்னா பேந்த ஓரம் சிப்பி உடைஞ்ச மாதிரி கண்ணாடி வெட்டா இருக்கும், நடுவுல கறுநீலம் தெரியும். யாராவது பின்னாடி ஸ்பிரே பெயின்ட் அடிச்சிருந்தா தோல் உரிஞ்ச மாதிரி இருக்கும், உள்ள வெள்ளையோ வேற கலரோ எட்டிப் பார்க்கும், திருகு தலை மேலயும் பெயின்ட் பொட்டு இருக்கும். சாவியால மெல்லக் கீறிப் பாருங்க (ஓரமா, கேட்டுட்டு). கண்ணாடி மேல சாவிதான் தேயும், சாம்பல் கோடு விழும், துடைச்சா போயிடும். பெயின்ட்டுல பள்ளம் விழும். நான் வாங்கின முதல் அடுப்பு அருமையான ரோஸ் கலர், வித்தவர் "ஒரிஜினல்"னு அடிச்சுச் சொன்னார், 600 டாலர் கொடுத்து வாங்கிட்டு வந்து நாலாவது நாள் ரசம் பொங்கி வழிஞ்ச இடத்துல துணி போட்டுத் துடைச்சா துணி ரோஸ் ஆயிடுச்சு. அடியில சாதா வெள்ளை. அந்த வெள்ளை அடுப்புதான் இப்ப ஷெட்ல கிடக்கறது.

கலர் வந்த கதை ஒரு நிமிஷம். சமையலறைல கலர் 1920-கள் கடைசிலயே எட்டிப் பார்த்துச்சு, அப்புறம் பொருளாதார மந்தம், அப்புறம் போர் வந்து வீட்டுக்கான அடுப்பு உற்பத்தியே சுருங்கிப் போச்சு. போர் முடிஞ்சு சிப்பாய்ங்க எல்லாம் திரும்பி வந்து கல்யாணம் பண்ணி புறநகர்ல புது வீடு கட்டினதும்தான் வெள்ளம் மாதிரி வந்துச்சு. 1953 ஜனவரில ஐசன்ஹோவர் அமெரிக்க ஜனாதிபதியாப் பதவியேற்ற அன்னைக்கு அவர் மனைவி மேமி ரோஸ் கவுன்ல வந்தாங்க, அந்தம்மாவுக்கு ரோஸ்னா உயிர், அதுக்கப்புறம் ஊர் முழுக்க 'மேமி பிங்க்' பாத்ரூம் கட்டித் தள்ளினாங்க. 1955-ல ஜெனரல் எலக்ட்ரிக் பெட்டல் பிங்க், கேனரி யெல்லோ, கேடட் ப்ளூ, டர்காய்ஸ் க்ரீன்னு சமையலறைச் சாமானுக்கெல்லாம் ஒரே செட் கலர் போட்டாங்க, ஃப்ரிட்ஜ் அடுப்பு எல்லாம் ஜோடி சேரணும்னு. இதெல்லாம் பத்து பன்னண்டு வருஷக் கூத்துதான். அடுத்து செம்புக் கலர் வந்துச்சு, அப்புறம் அவகாடோ பச்சை, ஹார்வெஸ்ட் கோல்டு, அந்தக் காலத்து அடுப்பு எனக்குப் பிடிக்கறதில்ல, கலரும் சரி தகடும் சரி. இன்னும் ஒண்ணு, அந்த வருஷங்கள்லயும் பெரும்பாலானவங்க வாங்கினது வெள்ளைதான், அதனாலதான் இன்னைக்கு கலர் அடுப்புக்கு விலை ஏறுது. முழுசா ரிப்பேர் பண்ணி மினுக்கி வச்ச கலர் அடுப்பு சில ஆயிரம் டாலர் போகும். அதே அடுப்பு வெள்ளையா அழுக்கா இருந்தா "வந்து தூக்கிட்டுப் போ, காசு வேண்டாம்"ன்னு கூட போடுவாங்க. எனாமல் நல்லா இருந்தா 450-க்கு மஞ்சள் நியாயமான விலை, 400 கேட்டுப் பாருங்க.

இப்ப வீட்டுக்காரர் கேள்வி. பயப்படறதுல தப்பில்ல, ஆனா எதுக்குப் பயப்படணும்னு தெரிஞ்சு பயப்படணும்.

ஓவன்ல சேஃப்டி வால்வு இருக்கான்னு பாருங்க, இதுதான் முதல் விஷயம். ஓவனுக்குள்ள சின்னதா ஒரு பைலட் ஜுவாலை எப்பவும் எரிஞ்சுக்கிட்டு இருக்கும், குமிழைத் திருப்பினா காஸ் வந்து அதுல பத்திக்கும். பைலட் அணைஞ்சு போயிருந்தா? சேஃப்டி இருக்கற அடுப்புல அந்த ஜுவாலையோட சூடு இல்லாட்டி வால்வு திறக்கவே திறக்காது, காஸ் வராது. சேஃப்டி இல்லாத பழைய மாடல்ல காஸ் பாட்டுக்கு வந்து பெட்டிக்குள்ள நிறையும், நீங்க என்னடா சூடே ஏறலைன்னு அஞ்சு நிமிஷம் கழிச்சு கதவைத் திறந்து தீக்குச்சி கிழிப்பீங்க, புருவம் போயிடும், அது புண்ணியம் பண்ணினவங்களுக்கு. 1950-கள் அடுப்புல பெரும்பாலும் இருக்கும், அதுக்கு முன்னாடி உள்ளதுல சந்தேகம்தான். இல்லாட்டி பின்னாடி பொருத்திக்கலாம், பழைய அடுப்பு ரிப்பேர் பண்றவங்க செஞ்சு தருவாங்க. பொருத்தற வரைக்கும் ஓவனைத் தொடாதீங்க, மேல் பர்னரை மட்டும் வச்சுக்குங்க.

அடுத்தது அடுப்பையும் சுவத்துக் குழாயையும் சேர்க்கற வளையற பைப். அந்த வீட்டுல இருக்கற பைப்பை அங்கேயே விட்டுட்டு வாங்க, தயவுசெஞ்சு. பூச்சு எதுவும் இல்லாத பழைய பித்தளை பைப்புங்க அடுப்பை நகர்த்தறப்பவே பற்றுவைச்ச இடத்துல விட்டுப்போய் தீ விபத்து ஆகியிருக்கு, இந்த ஊர் அரசாங்கமே அதைப் பத்தி எச்சரிக்கை விட்டிருக்கு. புது ஸ்டெயின்லெஸ் பைப்பு, லைசென்ஸ் இருக்கற பிளம்பர், அப்புறம் ஒவ்வொரு மூட்டுலயும் சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க, குமிழி வந்தா கசிவு. இந்தக் காலத்து அடுப்புல பிரஷர் ரெகுலேட்டர் கூடவே வரும், பழசுல பலதுல இருக்காது, பிளம்பர்ட்ட அதையும் போடச் சொல்லுங்க. உங்க வீட்டுல பைப் காஸா, வெளில டேங்க் வச்ச ப்ரொபேனான்னும் அவர்ட்ட சொல்லிடுங்க, ரெண்டுக்கும் ஜெட் துவாரம் வேற.

குமிழ் இறுகியிருக்கான்னு ஒவ்வொண்ணாத் திருப்பிப் பாருங்க. பழைய கிரீஸ் காஞ்சு கோந்தாயிருக்கும். நிறைய பேர் அதுல ஏதாவது ஸ்பிரே எண்ணெய் அடிச்சு விடுவாங்க, ரெண்டு நாள் நல்லாத் திரும்பும், இருந்த கொஞ்சநஞ்ச கிரீஸும் கரைஞ்சு போய் காஸ் கசிய ஆரம்பிக்கும். கழட்டித்தான் துடைக்கணும். உள்ள கூம்பு மாதிரி ஒரு பித்தளைக் கட்டை இருக்கும், அது அந்தந்த வால்வு உடம்போட உரசி உரசிப் பொருந்தினது, ஒண்ணோடதை இன்னொண்ணுல போட்டா உக்காராது, கசியும். அதனால நான் ஒரு வால்வைக் கழட்டி முடிச்சு, அதுக்குன்னு இருக்கற சூடு தாங்கற கிரீஸை நெத்தி விபூதி மாதிரி மெல்லிசாத் தடவி, திரும்ப மாட்டினதுக்கு அப்புறம்தான் அடுத்ததைத் தொடுவேன். நாலையும் ஒரே தட்டுல கழட்டிப் போட்டு அன்னைக்கு ராத்திரி பன்னண்டு மணி வரைக்கும் ஜோடி தேடின அனுபவம் பேசுது.

ஜுவாலை நீலமா எரியணும். நுனி மஞ்சளா ஆடுச்சுன்னா, பாத்திரத்தோட அடி கரி பிடிச்சுதுன்னா காத்து பத்தல, பர்னர் குழாய் ஆரம்பத்துல ஒரு சின்ன மூடி இருக்கும், அதைக் கொஞ்சம் திறங்க. ஜுவாலை பர்னரை விட்டு எகிறி உஸ்ஸுனு சத்தம் போட்டா காத்து அதிகம், கொஞ்சம் மூடுங்க. கார்பன் மோனாக்சைட் அலாரம் சமையலறைக்குப் பக்கத்துல மாட்டாம இந்த விளையாட்டுக்கே வராதீங்க. புகைபோக்கி நல்ல இழுவையோட வெளியில போறதா வேணும், பைலட்டெல்லாம் இருபத்திநாலு மணி நேரமும் எரியுது இல்லையா. குளிருக்கு ஓவனைத் திறந்து வச்சுக் காயறதும் கூடாது, பழைய வீட்டுல இந்த ஆசை வரும்.

அப்புறம் அளவு. இப்ப சமையலறைல அடுப்புக்கு விடற இடம் 30 இன்ச். உங்க வெட்ஜ்வுட் 36-லருந்து 40 இன்ச் வரை இருக்கலாம், டேப் வச்சு அளந்துக்குங்க, பக்கவாட்டுத் தகடு சூடேறும், மர அலமாரியோட ஒட்டி வைக்கக் கூடாது, அதுக்கும் இடைவெளி வேணும். ஓவன் கதவு திறந்தா எதிர்ல நிக்க இடம் இருக்கான்னும் பாருங்க. வாசல் அகலத்தை அளக்காம தூக்கிட்டு வந்து ரெண்டு நாள் தாழ்வாரத்துல அடுப்பை வச்சிருந்த குடும்பம் எனக்குத் தெரியும் (நாங்கதான்).

இனி மாமியார் கேள்வி, எனக்குப் பிடிச்ச கேள்வி. தோசை வருமா?

நடுவுல ஒரு நீளத் தட்டு இருக்கே, கிரிடில், அதைப் பார்த்ததும் நம்ம ஆளுங்க எல்லாருக்கும் அதுதான் தோணும். அமெரிக்கக்காரங்க அதுல பான்கேக்கும் முட்டையும் போட்டாங்க. அடியில நீளமா ஒரு பர்னர், ஒரே சீரா சூடாகும், ஆனா அகலம் பத்தாது, வட்டமா வார்க்க முடியாது. கரண்டியை நீளவாட்டுல இழுத்தா ரிப்பன் பக்கோடாவுக்கு அண்ணன் மாதிரி ஒரு தோசை வரும். குரோம் பூசின தட்டா இருந்தா எண்ணெய் ஊறிப் பழகவே பழகாது, முதல் ஈடு ஒட்டிக்கிட்டு மானத்தை வாங்கும். நான் பண்றது, நடுத்தட்டுல ஊத்தப்பம், அடை, சப்பாத்தி, தோசைக்கு வழக்கமான இரும்புக்கல்லு பெரிய பர்னர்ல. அந்தப் பர்னர்ல ஜுவாலை நல்லா பரவி வரும், பாத்திரம் உக்கார்ற வார்ப்பிரும்புக் கம்பிச்சட்டம், கிரேட்டு, கனமா இருக்கறதால கல்லு ஆடாது. சிம்ல வச்சா என்னோடதுல நடுவுல இருக்கற சின்ன வளையம் மட்டும் எரியும், பால் அரை மணி நேரம் அப்படியே பூத்தாப்ல நிக்கும், பொங்காது. புது அடுப்புல சிம்னு போட்டிருக்கற இடத்துல பாயசம் அடி பிடிக்குது, இதுல பிடிக்கல, அதுக்கே நான் இதை விடமாட்டேன்.

ஆனா நம்ம சமையலுக்குன்னே அடிச்சு வச்ச மாதிரி ஒண்ணு இருக்குன்னா அது பைலட்தான். இங்க குளிர்காலத்துல மாவு பொங்க வைக்க நாம படாத பாடா, ஓவன் லைட்டைப் போட்டு வை, கம்பளி சுத்து, இன்ஸ்டன்ட் பாட்ல வைன்னு. பழைய அடுப்பு ஓவன்ல பைலட் சும்மா எரியறதுக்கே உள்ள எப்பவும் இளஞ்சூடு. என்னோடதுல தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்தேன், கீழ்த்தட்டுல 95 டிகிரி ஃபாரன்ஹீட், ஏறக்குறைய சித்திரை மாசத்து சாயங்காலம். ராத்திரி மாவை வச்சா காலைல மூடியைத் தள்ளிக்கிட்டு நிக்கும், ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல விட்டா புளிச்சே போயிடும், அதனால இப்ப லேட்டாத்தான் வைக்கறேன். தயிரும் அப்படியே. சில அடுப்புல பைலட் பெருசா எரிஞ்சு உள்ள இன்னும் சூடா இருக்கும், தயிர் திரிஞ்சிடும், முதல்ல அளந்து பாருங்க. மேல்தட்டுல பைலட் இருக்கற இடத்துக்குப் பக்கத்துல தேங்காயெண்ணெய் பாட்டிலையும் நெய் கிண்ணத்தையும் கொஞ்சம் தள்ளி வச்சா டிசம்பர்லயும் உறையாது. கரன்ட் போற நாள்ல ஊரே பிரெட்டும் ஜாமும் சாப்பிட எங்க வீட்டுல சுடச்சுட உப்புமா, பைலட்டுக்குக் கரன்ட் எதுக்கு. ஒத்துக்கறேன், எப்பவும் எரியற ஜுவாலைக்கு காஸ் செலவு இருக்கு, வெயில் காலத்துல சமையலறை இன்னும் கொஞ்சம் புழுங்கும்.

தாங்காத விஷயம் புளி. அந்தக் கால எனாமல் எல்லாமே அமிலம் தாங்கற ரகம் கிடையாது, அந்தக் காலத்துக் கையேடுகள்லயே எலுமிச்சை, வினிகர், பால் சிந்தினா உடனே துடைங்கன்னு போட்டிருப்பாங்க, அவங்களுக்கு சாம்பாரும் வத்தக்குழம்பும் தெரியாது பாவம். ராத்திரி சிந்தின புளித்தண்ணியைக் காலைல பார்த்துக்கலாம்னு விட்டா அந்த இடம் மங்கலாயிடும், பளபளப்பு திரும்பவே திரும்பாது. அதுக்காக சூடா இருக்கறப்ப ஈரத்துணியால துடைச்சிடாதீங்க, அதுவும் தப்பு. நான் அப்படித்தான் ஒரு நாள், முன்பக்க இடது பர்னர்ல புளியோதரைக்கு புளிக்காய்ச்சல் கொதிச்சு தெறிச்சிருந்துச்சு, அடுப்பை அணைச்ச கையோட சில்லுனு நனைச்ச துணியை வச்சேன், 'டிங்'குனு ஒரு சத்தம், கண்ணாடி டம்ளர் விரியற மாதிரி. முதல்ல ஒண்ணும் தெரியல. மறுநாள் வெளிச்சத்துல பார்த்தா மயிரிழை மாதிரி நாலஞ்சு கோடு, விரிசல் விட்ட முட்டை ஓடு மாதிரி. இன்னைக்கு வரைக்கும் அங்க மஞ்சப்பொடி ஏறி கோடு இன்னும் நல்லாத் தெரியுது. இப்ப சூடா இருந்தா காஞ்ச துணி இல்ல பேப்பர் டவல்ல ஒத்தி எடுப்பேன், ஆறினப்புறம்தான் சோப்பு. சுரண்டற நார், பவுடர் எதுவும் கலர் மேல படக்கூடாது. ஓவன் கிளீனர் ஸ்பிரே அலுமினியத்தை அரிச்சிடும், கிரிடில் பக்கமே கொண்டுபோகாதீங்க.

கத்தரிக்காய் சுடறது, அப்பளம் வாட்டறது எல்லாம் பிராய்லர்ல பண்ணிப் பாருங்க. கீழ இழுக்கற டிராயர் மாதிரி இருக்கும், மேலருந்து நெருப்பு. கத்தரிக்காய்ச் சாறு எனாமல்ல சொட்டாது, தோலும் கரியாயிடும். அப்பளத்துக்குக் கண்ணை எடுக்கக் கூடாது, பத்து செகண்டுதான்.

சேம்பர்ஸ் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லாம விட மனசு வரல. இண்டியானா மாநிலத்துல ஷெல்பிவில்னு ஒரு ஊர், அங்க ஜான் சேம்பர்ஸ்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. "காஸை அணைச்சுட்டு சமைங்க"ன்றதுதான் அவங்க விளம்பரமே. ஓவனைச் சுத்தி கம்பளி மாதிரி பாறை நாரைத் திணிச்சு சூடு வெளியவே போகாதபடி அடைச்சிருப்பாங்க, கறியை வச்சு கொஞ்ச நேரம் எரிச்சுட்டு காஸை மூடிட்டு அவங்க சர்ச்சுக்குப் போயிட்டு வருவாங்க, வந்தா வெந்திருக்கும். பின்பக்க மூலைல ஒரு பர்னருக்குப் பதிலா ஆழமான குழி, தெர்மோவெல்னு பேரு, அதுக்குள்ள பானையை இறக்கி மூடிடணும். துவரம்பருப்பும் தண்ணியும் மஞ்சளும் போட்டு இருபது நிமிஷம் நல்லா எரியவிட்டு அணைச்சுட்டு குளிச்சு பூஜை முடிச்சு வந்தா குழைஞ்சு கிடக்கும், விசில் கிடையாது, அடி பிடிக்கறது கிடையாது. நம்ம பாட்டிங்க வைக்கோல் போட்டு சோத்துப்பானையை மூடி வைப்பாங்கல்ல, அந்த புத்திதான் இது, இரும்புல பண்ணியிருக்காங்க. இதோட கிரிடில்ல இன்னொரு வேலை, ஒரே ஜுவாலை மேல தட்டையும் சூடாக்கும், கீழ பிராய்லர் மாதிரியும் சுடும், மேல அடை, கீழ பனீர். டிவில ரேச்சல் ரே சமைச்ச அடுப்பு இதுதான், அதுக்கப்புறம் விலை எகிறிடுச்சு. கனம்னா கனம், நாலு பேர் தூக்கி நடுவுல ஒரு தடவை இறக்கி வச்சு மூச்சு வாங்கணும்.

மத்ததுல வெஸ்டர்ன்-ஹாலி அழகு, ஓவன் கதவுல கப்பல் ஜன்னல் மாதிரி வட்டக் கண்ணாடி, வெளிர் கலர்ல அதைப் பார்த்தா யாருக்கும் ஆசை வரும். அந்தக் காலத்து எலக்ட்ரிக் அடுப்புங்கள்லயும் ரோஸ், டர்காய்ஸ் எல்லாம் அட்டகாசமா இருக்கும், ஆனா ஒயர் இன்சுலேஷன் பொடிஞ்சிருக்கும், பார்ட்ஸ் தேடறது பெரும்பாடு, தோசைக்கல்லு சூடேற ஒரு யுகம் ஆகும். நான் காஸ்காரி, அதனால பாரபட்சமாத்தான் சொல்வேன். எந்தப் பழைய அடுப்பா இருந்தாலும் உள்ள சாம்பல் கலர்ல அட்டை, கயிறு மாதிரி ஏதாவது இருந்தா ஆஸ்பெஸ்டாஸா இருக்கலாம், பிய்க்காதீங்க, தெரிஞ்சவங்கட்ட விட்டுடுங்க.

சனிக்கிழமை போறப்ப டேப், டார்ச், ஈரத்துணி, சின்ன ஓவன் தெர்மாமீட்டர் எடுத்துட்டுப் போங்க. காஸ் இன்னும் கனெக்‌ஷன்ல இருந்தா அவங்களையே பத்த வைக்கச் சொல்லி எல்லா பர்னரையும், ஓவனையும் பாருங்க, 350 ஃபாரன்ஹீட்ல வச்சா அரை மணில தெர்மாமீட்டர் என்ன காட்டுதுன்னு பாருங்க, 25 டிகிரி முன்னப்பின்ன இருந்தா கவலையே படாதீங்க. விலை முடிஞ்சதும் கிரேட்டு, பர்னர், ஓவன் கம்பித்தட்டு எல்லாத்தையும் கழட்டி பழைய பெட்ஷீட்ல சுத்தி உங்க கார்ல வச்சுட்டு அப்புறம் அடுப்பைத் தூக்கச் சொல்லுங்க, தூக்கறவங்க சாய்க்கறப்ப ஒரு கிரேட்டு நழுவி மேல்தட்டுல விழுந்தா போச்சு, நீங்க ஆசைப்பட்ட மஞ்சள்ல கறுப்புப் பொட்டு. கடைசியா அந்த நடுத்தட்டோட மூடியையும், கீழ எண்ணெய் பிடிக்கற சின்ன டிரேயையும் அந்த வீட்டு அலமாரி, டிராயர் எல்லாத்துலயும் தேடச் சொல்லிக் கேளுங்க, வயசானவங்க வீட்டுல அதெல்லாம் எங்கயாவது பேக்கிங் டின்னுக்கு அடியில இருக்கும், தனியா வாங்கப் போனா கிடைக்கறது குதிரைக் கொம்பு.